கழுவி வந்த தூக்குச்சட்டி

1996 தை மாதம் எனக்குக் குஜிலியம்பாறைக்கு மாற்றல் வந்தது. வீட்டைத் திண்டுக்கல்லிலேயே வைத்துக்கொண்டு, 2002 ஆனி வரை தினமும் பேருந்தில் போய்வந்தேன். காலையில் நான் ஏறியது பெரும்பாலும் ஒரே வண்டி. தனியார் பேருந்து. முதலாளி வைத்த பெயர் முன்கண்ணாடிக்கு மேலே எழுதியிருந்தது. வழியில் இருந்த ஊர்களில் யாரும் அந்தப் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை. எல்லோருக்கும் அது ‘செவப்பு வண்டி’. விடிந்ததும் குஜிலியம்பாறையிலிருந்து கிளம்பி, கோவிலூர், எரியோடு வழியாகத் திண்டுக்கல் வந்து, பேருந்து நிலையத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, வந்த வழியே திரும்பும். திரும்பும் அந்த நடைதான் என்னுடையது.

ஆட்களை ஏற்றியது போக, ஆள் துணையில்லாத பொருள்களையும் அந்த வண்டி ஏற்றியது. ஓர் ஊரில் ஒருவர் ஒரு பையைக் கண்டக்டர் கையில் கொடுப்பார். இன்னோர் ஊரில் இன்னொருவர் வாங்கிக்கொள்வார். கண்ணுக்கு விடும் மருந்து, தைத்து முடித்த ரவிக்கை, பழுதுபார்த்த ரேடியோ, கல்யாணப் பத்திரிகைக் கட்டு, ஒரு முறை அடைவைக்க ஒரு கூடை முட்டை. பெயர் எழுதி ஒட்டுவதில்லை. கூலியும் கிடையாது. எதையும் தொலைத்தார் என்று அந்தக் கண்டக்டரைப் பற்றி நான் கேள்விப்பட்டதில்லை. நன்றி சொன்னவர்களையும் நான் அதிகம் பார்த்ததில்லை. மழை பெய்தால் நனைவதைப் போல, பஸ் வந்தால் பை வரும். அவ்வளவுதான்.

கண்டக்டருக்கு அப்போது நாற்பது வயது இருக்கும். வாய் ஓயாத மனிதர். அவருக்குச் சரியான ஜோடி, முருங்கைக்காய் விற்கும் ஓர் அம்மாள். குஜிலியம்பாறைப் பக்கத்துக் காடுகளில் விளைந்த முருங்கைக்காயைக் காலை முதல் நடையில் ஏற்றிவந்து திண்டுக்கல் சந்தையில் போட்டுவிட்டு, காலிச் சாக்குகளோடு என் நடையில் திரும்புவார். சாக்குகளைப் பக்கத்து இருக்கையில் வைத்துக்கொள்வது அவர் வழக்கம்.

“ஏத்தா, ஒனக்கு ஒரு சீட்டு, சாக்குக்கு ஒரு சீட்டா? ரெண்டுல ஒண்ணு எந்திரிங்க” என்பார் கண்டக்டர்.

“சாக்கு ஒக்காரட்டும்ப்பா, நான் நிக்கிறேன். அதுன்னா ஒங்கிட்ட வாயக் குடுக்காம வரும்” என்பார் அம்மாள். எழுந்திருக்க மாட்டார்.

1999 மாசி மாதத்தில் அந்த வண்டியில் ஒரு தூக்குச்சட்டி வரத் தொடங்கியது.

எரியோட்டுக்கும் கோவிலூருக்கும் நடுவில் ஒரு சிறிய ஊர். அங்கே மானாவாரி நிலத்தில் கடலையும் சோளமும் போடும் ஒருவருக்கு மஞ்சள்காமாலை முற்றி வயிறு வீங்கிவிட்டது. நாட்டு மருந்தில் கொஞ்ச காலம் போன பிறகு திண்டுக்கல் அரசு மருத்துவமனையில் சேர்த்தார்கள். மனைவி கூடவே தங்கினார். வீட்டில் மிஞ்சியது மகளும் ஒரு பசுவும் கன்றும். மகள் குஜிலியம்பாறையில் பன்னிரண்டாம் வகுப்பு. பங்குனியில் அரசுத் தேர்வு. தேறினால் ஆசிரியர் பயிற்சிக்குப் போகலாம். தவறினால் வைகாசியில் தாய்மாமனோடு கல்யாணம் என்று வீட்டில் பேசி வைத்திருந்தார்கள். இதை அந்தப் பெண்ணே முருங்கைக்காய் அம்மாளிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது கேட்டேன். மாமனைப் பற்றிக் குறையாக ஒன்றும் சொல்லவில்லை. “நல்ல மாமாதான். ஆனா எனக்குப் படிக்கணும்” என்றாள்.

ஏற்பாடு இதுதான். அவள் எழுந்து கஞ்சி காய்ச்சித் தூக்குச்சட்டியில் ஊற்றி, திண்டுக்கல் போகும் முதல் நடையில் கண்டக்டரிடம் கொடுப்பாள். வண்டி திண்டுக்கல்லுக்குள் நுழையும்போது மருத்துவமனை நிறுத்தத்தில் அவளுடைய அம்மா நிற்பார். நிறைந்த சட்டியை வாங்கிக்கொண்டு, முந்தின நாள் சட்டியைத் திருப்பிக் கொடுப்பார். அது டிரைவருக்குப் பக்கத்தில் என்ஜின் மூடியின் மேல் உட்கார்ந்து திரும்பி வரும். வண்டி அவள் ஊருக்கு வரும் நேரத்தில் மகள் பள்ளிக்கூடம் போக அதே வண்டியில் ஏறுவாள். சட்டியை வாங்கி மடியில் வைத்துக்கொள்வாள்.

சாப்பாடு வந்த பாத்திரத்தை வெறும் பாத்திரமாகத் திருப்பி அனுப்புவதில்லை என்பது எங்கள் பக்கத்து வழக்கம். நாலு கல் உப்பு, ஒரு கொத்துக் கறிவேப்பிலை, ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு சிட்டிகைச் சீனி, ஏதாவது உள்ளே இருக்க வேண்டும். மருத்துவமனையில் இருக்கும் பெண்ணிடம் கறிவேப்பிலை ஏது? காலையில் நோயாளிகளுக்குப் பாலும் ரொட்டியும் கொடுப்பார்கள். அந்த ரொட்டியில் ஒரு துண்டைச் சட்டிக்குள் போட்டு அனுப்பினார். முதலில் அது வழக்கத்துக்காகப் போட்டது. சில நாள்களில் அது அம்மாவுக்கும் மகளுக்கும் நடுவில் தபால் ஆகிவிட்டது. ரொட்டி வந்தால் அப்பா இருக்கிறார், கவலைப்படாதே என்று அர்த்தம். சட்டியை அவர் அங்கே கழுவுவதும் இல்லை, கழுவ வசதியில்லை. கஞ்சி காய்ந்து ஒட்டிக்கொண்ட சட்டிக்குள் ஒரு காய்ந்த ரொட்டித் துண்டு. பெண் மூடியைத் திறந்து பார்ப்பாள், மூடுவாள், பிறகுதான் புத்தகத்தைத் திறப்பாள். இதன் பொருள் வண்டியில் யாருக்கும் தெரியாது. அவளும் சொன்னதில்லை.

கணக்குத் தேர்வு அன்று வண்டியில் சில மாற்றங்கள் வந்தன. யாரும் கூடிப் பேசி முடிவெடுத்ததாகத் தெரியவில்லை. எல்லாம் தாமாக ஒன்றாகச் சேர்ந்துகொண்டன. அவளுக்குக் கணக்குத்தான் பயம் என்பது வண்டி முழுக்கத் தெரிந்த செய்தி.

அன்று காலை நான் பேருந்து நிலையத்தில் ஏறும்போது கண்டக்டர் அங்கிருந்த குழாயடியில் குந்தி உட்கார்ந்து தூக்குச்சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். வைக்கோல் கொஞ்சம் எங்கிருந்தோ எடுத்து, மண்ணும் சேர்த்துத் தேய்த்தார். ரொட்டித் துண்டு பக்கத்தில் ஒரு நாயின் முன்னால் கிடந்தது.

“என்னப்பா, ஓட்டல் வேலைக்குப் போகப் போறியா?” என்று முருங்கைக்காய் அம்மாள் ஜன்னல் வழியாகக் கேட்டார்.

“நீ ஓட்டல் வச்சா வாரேன். புள்ள பரீட்ச எழுதிட்டு வந்து இதையுமா தேய்க்கணும்? கையி வலிக்குமுல்ல.”

“வீட்டுல பொண்டாட்டி தேய்ச்சு வச்ச தட்டுல திங்கிற ஆளுக்கு இம்புட்டுத் தெரியுதா.”

“அவ பாத்தா நாளைக்கே என்னையத் தேய்க்கச் சொல்லுவா. வாய மூடிட்டு வா.”

எரியோடு தாண்டியதும் டிரைவர் பாட்டை நிறுத்தினார். பெண் படிக்கட்டும் என்பதற்காக. முருங்கைக்காய் அம்மாள், எனக்குத் தெரிந்து முதல் முறையாக, சாக்குகளைக் காலடியில் தள்ளி ஜன்னலோர இருக்கையைக் காலி செய்தார். வழக்கமாக அந்தப் பெண் ஏறும்போது கண்டக்டர், “வாங்க கலெக்டரம்மா” என்று கும்பிடு போடுவார். அன்று, “பாத்து ஏறு தாயி” என்றார். அம்மாள் இடுப்பிலிருந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்து, “பழனித் திருநீறு. எங்க நாத்தனா கொண்டாந்தா. பூசிக்க” என்று அவள் நெற்றியில் தாமே பூசிவிட்டார். பின்னால் இருந்தவர்கள்கூடப் பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள்.

கண்டக்டர் சட்டியைக் கொண்டுவந்து அவள் மடியில் வைத்தார். அது பளபளவென்று இருந்தது.

நான் அவளுக்குக் குறுக்கே இருந்த இருக்கையில் இருந்தேன். அவள் மூடியைத் திறந்தாள். உள்ளே பார்த்தாள். கையை விட்டு அடியைத் தடவினாள். மூடினாள். பிறகு எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

“அண்ணே, வண்டிய நிறுத்துங்க. நான் எறங்கணும்.”

“என்ன தாயி, ஹால் டிக்கெட்ட விட்டுட்டியா?”

“இல்லண்ணே. திண்டுக்கல்லு போகணும்.”

“பரீட்ச இருக்குல்ல?”

“எங்கப்பா செத்துப் போச்சு.”

கண்டக்டர் விசில் கையோடு நின்றார். “யாரு சொன்னா ஒனக்கு?”

அவள் சட்டியைத் தூக்கிக் காட்டினாள். ரொட்டி இல்லை, கழுவி வேறு வந்திருக்கிறது, இனிமேல் கஞ்சி வேண்டாம் என்றுதானே அர்த்தம் என்றாள். அப்போதுதான் வண்டியில் இருந்தவர்களுக்கு ரொட்டியின் கதை தெரிந்தது. அவள் அழவில்லை.

“அடப் பாவமே, கழுவுனது நான் தாயி” என்றார் கண்டக்டர். “ரொட்டி காஞ்சு கெடந்துச்சு. மிச்சம் மீதின்னு நெனச்சு நாயிக்குப் போட்டேன். ஒங்கம்மாவ இப்பத்தான் பாத்தேன். நல்லா இருக்காக.”

“நீங்க பொய் சொல்றீங்கண்ணே” என்றாள் அவள், கோபமில்லாமல்.

இந்த இடத்தில் எங்கள் பக்கத்து இன்னொரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். நல்ல காரியத்துக்கு நடுவில் சாவு வந்தால், சம்பந்தப்பட்டவரிடம் அதைச் சொல்ல மாட்டார்கள். தாலி கட்டும் வரை மறைப்பார்கள். பரீட்சை முடியும் வரை மறைப்பார்கள். ஊரே சேர்ந்து மறைக்கும்; சிரித்துப் பேசும்; இரக்கம் என்று நினைத்துத்தான் செய்வார்கள். அந்தப் பெண்ணின் பெரியப்பா முந்தின ஆண்டு இறந்தபோது அவருடைய மகனுக்குத் தேர்வு நடந்துகொண்டிருந்தது. கடைசித் தேர்வு எழுதி வந்த பிறகுதான் அவனுக்குச் சொன்னார்கள். அந்த மறைப்பில் இந்தப் பெண்ணும் பங்கெடுத்திருந்தாள்.

ஆகவே அவள் கேட்ட கேள்விகளில் ஓர் ஒழுங்கு இருந்தது.

“பாட்ட ஏண்ணே அமத்துனீங்க?” என்று டிரைவரைக் கேட்டாள்.

“நீ படிக்கணும்னுதாம்மா.”

“நேத்தும் பரீட்சைதானே. நேத்து ஓடுச்சே.” முருங்கைக்காய் அம்மாள் பக்கம் திரும்பினாள். “நீங்க என்னிக்கு எனக்கு சீட்டு விட்டுருக்கீங்க? திருநீறு எதுக்குப் பூசுனீங்க?”

“அடியே, எம்புள்ளைக மேல சத்தியமாச் சொல்றேன், எனக்கு ஒண்ணும் தெரியாதுடி.”

“எங்க பெரியப்பா வீட்டு அண்ணன்கிட்டயும் எங்கம்மா இப்பிடித்தான் சத்தியம் பண்ணுச்சு.”

கண்டக்டர் என்னைப் பார்த்தார். “சார், நீங்க சொல்லுங்க சார்.” கழுவியதை நான் பார்த்தேன் என்று சொன்னேன். அவள் என்னை மரியாதையாகப் பார்த்தாள். நானும் அந்த வண்டிக்காரர்களோடு சேர்ந்து மறைக்கிறவன்தான் என்பது அவள் பார்வையில் இருந்தது.

அன்று அந்த வண்டியில் அவளுக்குக் கெடுதல் நினைத்தவர் ஒருவரும் இல்லை. அவளை நம்பவிடாமல் செய்தவை அத்தனையும் நல்லெண்ணங்கள். இரக்கத்தைப் பற்றிப் பெரியவர்கள் எழுதியவற்றை நான் ஓரளவு படித்திருக்கிறேன். செய்கிறவரின் மனத்தைப் பற்றி நிறையச் சொல்கிறார்கள்; அது போய்ச் சேரும் இடத்தில் என்னவாகப் படிக்கப்படும் என்பதைப் பற்றிக் குறைவாகவே சொல்கிறார்கள்.

அதற்குள் கோவிலூர் வந்துவிட்டது. அவள் படிக்கட்டுக்கு வந்துவிட்டாள். எதிர்ச்சாரியில் திண்டுக்கல் வண்டி எப்போது வரும் என்று அங்கிருந்தவர்களைக் கேட்கத் தொடங்கினாள். போனால் பரீட்சை போய்விடும். பிடித்து வைத்தால், பிடித்து வைக்கக் காரணம் இருக்கிறது என்று இன்னும் உறுதியாக நம்புவாள்.

நிறுத்தத்தை ஒட்டி ஓர் எஸ்.டி.டி. பூத் இருந்தது. கண்டக்டர் அதைப் பார்த்தார். ஊர் ஊராக மருந்து வாங்கிக் கொடுத்துப் பழகியதில், மருத்துவமனைக்கு எதிரே இருந்த மருந்துக்கடையின் எண் அவருக்கு மனப்பாடம். “தாயி, செத்த நேரம் இரு. ஒங்கம்மாவையே பேசச் சொல்றேன். அப்பறமும் போகணும்னா நானே ஏத்திவிடுறேன்” என்றார். மருந்துக்கடைக்காரரிடம், வார்டுக்கு ஆள் அனுப்பி அம்மாவை அழைத்துவரச் சொன்னார். கொஞ்சம் பொறுத்து மறுபடி கூப்பிடுவதாகச் சொல்லி வைத்தார்.

வண்டி நின்றது. தனியார் பேருந்துக்கு நேரம்தான் பிழைப்பு. பின்னால் வருகிற வண்டி முந்திவிட்டால் வழியில் நிற்கிற கூட்டம் எல்லாம் அதற்குப் போய்விடும். டிரைவர் என்ஜினை அணைத்துவிட்டு இறங்கிச் சக்கரத்தைப் பார்ப்பது போல நின்றார். குஜிலியம்பாறையில் நிலம் பதிவு செய்யப் போய்க்கொண்டிருந்த ஒரு பெரியவர், நல்ல நேரம் போகிறது என்று ஏறியதிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தவர், இப்போது உரக்கச் சொல்லத் தொடங்கினார்.

“ஒரு சட்டியக் கழுவுனதுக்கு ஒரு பஸ்ஸு நிக்கிறத இப்பத்தான்யா பாக்குறேன். எவன்யா ஒன்னையக் கழுவச் சொன்னான்?”

“புத்தி வந்துருச்சு பெரியவரே. இனிமே எஞ்சட்டியக்கூடக் கழுவ மாட்டேன்” என்றார் கண்டக்டர்.

பின்னால் வர வேண்டிய வண்டி வந்தது. “ஏறிக்கங்க பெரியவரே, ஒங்க நேரம் கெட்டுறப் போகுது. அந்தக் கண்டக்டர்கிட்ட நான் சொல்லிவிடுறேன்.” சிலர் இறங்கி அதில் ஏறிக்கொண்டார்கள். பெரியவர் ஏறவில்லை.

“நான் மட்டும் என்ன ஆச்சுன்னு தெரியாமப் போகவா? இரு, இரு. போன நேரம் போச்சு” என்று குடையை மடியில் வைத்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தார்.

நானும் ஏறவில்லை. அன்றைய தேதிக்கு என் நாட்குறிப்பில் ஒரே வரிதான் இருக்கிறது: ‘கோவிலூரில் பஸ் நின்றது, அலுவலகத்துக்குத் தாமதம்.’

இரண்டாம் முறை கூப்பிட்டபோது அம்மா வந்திருந்தார். கண்டக்டர் ரிசீவரைப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு வெளியே வந்தார். கதவைச் சாத்தவில்லை. அந்த அம்மா தொலைபேசியில் அதிகம் பேசிப் பழகாதவர். திண்டுக்கல்லிலிருந்து கோவிலூருக்குக் கேட்க வேண்டும் என்று கத்தினார். நாங்கள் எல்லோரும் கேட்டோம்.

“ஏண்டி, நீ இன்னும் பரீட்சைக்குப் போகலையா?”

“அம்மா, அப்பா இருக்கா?”

“இருக்காரு. எங்க போறாரு?”

“சத்தியமா?”

“என்னாடி சத்தியம்? இருக்காருங்கிறேன்ல.”

பெண் ரிசீவரைக் காதில் வைத்தபடி சாலையைப் பார்த்தாள். திண்டுக்கல் வண்டி வருகிறதா என்று பார்த்தாள் என்றே எனக்குத் தோன்றியது. கண்டக்டர் தலையைச் சொறிந்துகொண்டார். அந்தப் பக்கத்தில் அம்மாவுக்கு, எதற்காகத் தன்னை இழுத்துவந்தார்கள் என்பது இன்னும் விளங்கவில்லை. ஆனால் மகள் கிடைத்துவிட்டாள். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட வேண்டும் அல்லவா?

“ஆமா, கஞ்சிய இப்பிடியாடி அடிப்பிடிக்க விடுவ? ஒரு வாயி வச்சிட்டு, தீஞ்ச வாடை அடிக்குதுன்னு மொகத்தத் திருப்பிக்கிட்டாரு ஒங்கப்பன். எம்மக எனக்கு வெசம் காச்சி அனுப்பிருக்கான்னு பக்கத்துப் பெட்டுக்காரவுகட்ட எல்லாம் சொல்லிக்கிட்டுக் கெடக்காரு. இட்டிலி வாங்கியாங்கிறாரு. நான் எங்க போவேன் இட்டிலிக்கு?”

“மேலாக்கத்தானம்மா மோந்து ஊத்துனேன்” என்றாள் பெண்.

அந்தக் குரல் வேறாக இருந்தது. காலையில் கஞ்சி அடிப்பிடித்தது அவளுக்கு மட்டும்தான் தெரியும். செத்துப்போனவர் அதைக் குறை சொல்ல முடியாது.

“மேலாக்க மோந்தா வாடை போயிருமா? அடுப்புல வச்சிட்டு எங்க போன?”

“படிச்சுக்கிட்டே கிண்டுனேன்.”

“கிண்டுன லச்சணம். சரி, கன்னுக்குட்டியக் கட்டிட்டு வந்தியா?”

“கட்டிட்டேன். வைக்கிறேன்மா. பரீட்சைக்கு நேரமாச்சு.”

தாவணி முனையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு வந்து வண்டியில் ஏறினாள். அதன் பிறகுதான் அழுதாள். அதுவும் கொஞ்ச நேரம். முருங்கைக்காய் அம்மாள் ஜன்னலோர இருக்கையில் ஏறி உட்கார்ந்துகொண்டு சாக்குகளைப் பக்கத்தில் அடுக்கிவிட்டார். “ஒனக்கு எடமும் இல்ல, திருநீறும் இல்ல. நின்னுக்கிட்டே வா” என்றார். பெண் சிரித்தாள். டிரைவரிடம், “பாட்டப் போடுங்கண்ணே” என்றாள்.

“கலெக்டரம்மா ஆர்டரு. போடுங்க” என்றார் கண்டக்டர்.

அந்த நடையில் அதற்குப் பிறகு எந்த நிறுத்தத்திலும் வண்டி சரியாக நின்றதாகச் சொல்ல முடியாது. பேருந்து நிலையத்துக்குப் போகாமல் நேராகப் பள்ளிக்கூட வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். மணி அடித்து முடிந்திருந்தது. கேட்டை இன்னும் பூட்டவில்லை. அவள் சட்டியை அம்மாளிடம் கொடுத்துவிட்டு ஓடினாள். உள்ளே விட்டார்களா என்று பார்ப்பதற்காக வண்டி இன்னும் கொஞ்சம் நின்றது. விட்டார்கள். பெரியவர், “சரி, இப்பவாச்சும் எடுக்குறியா?” என்றார்.

என் அலுவலகம் பள்ளிக்கூடத்திலிருந்து அதிகத் தூரமில்லை. மதியம் சாப்பாட்டுக்கு வெளியே வந்தபோது, முருங்கைக்காய் அம்மாள் வாசலுக்கு எதிரே வேப்பமரத்தடியில் சாக்கை விரித்துப் படுத்திருந்தார். தலைமாட்டில் தூக்குச்சட்டி. வீட்டுக்குப் போகவில்லையா என்று கேட்டேன்.

“சட்டிய அதுகிட்டக் குடுக்கணும்ல சார்.”

கண்டக்டரிடம் கொடுத்திருக்கலாமே என்றேன்.

“அவன்கிட்டயா?” என்றார் அம்மாள்.

அவளுடைய அப்பா அந்தப் பங்குனி முடிவதற்குள் வீடு திரும்பினார். பெண் தேறினாள். கணக்கில் எடுத்த மதிப்பெண் ஒன்றும் பெரிதில்லை. மற்றவற்றில் நன்றாக எடுத்திருந்தாள். பழனிப் பக்கம் ஓர் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் இடம் கிடைத்து, விடுதியில் தங்கிப் படிக்கப் போனாள். தாய்மாமனுக்கு வேறு இடத்தில் பெண் பார்த்தார்கள். தூக்குச்சட்டி வருவது நின்றது. வண்டியில் மற்ற பொருள்கள் வந்துகொண்டுதான் இருந்தன.

2000 கார்த்திகையில் அவளுடைய அப்பா வீட்டிலேயே இறந்துபோனார். அதே நோய் திரும்பியிருந்தது. பெண்ணுக்கு யார் போய்ச் சொல்வது, எப்படிச் சொல்வது என்ற பேச்சு வந்திருக்கிறது. அப்பாவுக்குக் கொஞ்சம் முடியவில்லை, பார்க்க ஆசைப்படுகிறார் என்று சொல்லிக் கூட்டிவருவதுதான் வழக்கம். அவளுக்கு அப்போது தேர்வு எதுவும் இல்லை. இருந்தாலும் வழியில் தாங்க மாட்டாள் என்று உறவினர்கள் நினைத்தார்கள். காலை முதல் நடையில் வண்டி அந்த ஊரில் நின்றபோது செய்தி கண்டக்டருக்குத் தெரிந்தது. தான் போகிறேன் என்றார். வேலையை இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டு, திண்டுக்கல்லில் இறங்கிப் பழனி வண்டி ஏறினார்.

சில நாள் கழித்து என்னிடம் இதைச் சொன்னார். வழக்கமான கேலி எதுவும் இல்லாமல் சொன்னார்.

“நேராச் சொல்லிட்டேன் சார். ஒங்கப்பா காலைல எறந்துட்டாரு தாயி, கூட்டிட்டுப் போக வந்திருக்கேன்னு. ஹாஸ்டல் வார்டனம்மா என்னைய மொறைச்சாங்க. இப்பிடியா போட்டு ஒடைக்கிறது, வெவரமில்லாத ஆளா இருக்கீங்களேன்னாங்க.”

“அவள் என்ன செய்தாள்?”

“அங்கனயே அழுதுச்சு. நான் வெளிய வந்து நின்னுக்கிட்டேன். பெறகு பையோட வந்துருச்சு. ஒட்டன்சத்திரம் தாண்டுனப்பறம், கடைசியா வலி இருந்துச்சான்னு கேட்டுச்சு.”

“என்ன சொன்னீங்க?”

“இல்லன்னு சொல்ல வாயி வந்துருச்சு சார். எனக்குத் தெரியாது தாயி, நான் கூட இல்ல, ஒங்கம்மாட்டக் கேளுன்னேன். சரிண்ணேன்னுச்சு.”

வண்டி எரியோட்டில் நின்றது. அவர் இறங்கி, ஏறுகிறவர்களை ஏற்றிவிட்டு வந்து, பின்னிருக்கையிலிருந்து டிக்கெட் கேட்கத் தொடங்கினார்.